பத்துச் சல்லடையும் பதினாறு வரிசையும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலத்தில் எடுத்தவர்கள் அவற்றை அழுகவிட்டு, அலசி, முத்துகளைப் பிரித்தெடுப்பார்கள். வியாபாரியின் நுட்பமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அவர் கையில் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். முதலாவதில் 20 துளைகள். அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். இருபதில் தங்கியது பெருமுத்து. ஆயிரத்தையும் கடந்து விழுந்தது வெறும் தூள். அளவு பிரித்த பிறகே உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள், எடை போடுவார்கள், விலை பேசுவார்கள்.

இந்தத் தொழிலின் தொன்மைக்குச் சான்று கொற்கை. ஏரலை அடுத்துள்ள இன்றைய கொற்கையில் நிற்பவருக்குக் கடல் கண்ணில் படாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண், பாண்டியரின் துறைமுகத்தைக் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளூஸ்' இந்த ஊரைக் 'கொல்கி' என்று குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளிக்கவைத்ததாகச் சொல்கிறது. கொற்கை தூர்ந்ததும் தொழில் காயலுக்கு நகர்ந்தது, பிறகு தூத்துக்குடிக்கு. தமிழகக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

அந்தச் சல்லடைகளில் கணினித் துறை கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே எந்த முத்தையும் இன்னொரு முத்தோடு யாரும் ஒப்பிடவில்லை. எல்லா முத்துகளும் ஒரே அளவுகோலைக் கடந்தன, அவ்வளவுதான். இரண்டு வியாபாரிகள் சரக்கை ஒன்றாகச் சேர்க்க நினைத்தால் முதலிலிருந்து சலிக்கத் தேவையில்லை. இவருடைய இருபதை அவருடைய இருபதோடும், இவருடைய ஐம்பதை அவருடைய ஐம்பதோடும் கொட்டினால் போதும். இருவர் சல்லடையும் ஒரே கணக்கில் துளையிட்டவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கணினியில் வரும் தரவுகளுக்கு இப்படிச் சல்லடை செய்வது பெரும்பாலும் கஷ்டம். பெயர்கள், நொடிகள், கணக்கு எண்கள் என்று மதிப்புகள் எண்ணில் அடங்காமல் விரியும். ஆகவே இரண்டு இரண்டாக ஒப்பிட்டே தீர வேண்டும். ஆனால் ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியல்களைச் சேர்ப்பது மட்டும் என்றால் வேலை வியக்கும்படி எளிதாகிவிடும். 2, 9, 15 என்று ஒரு பட்டியல். 1, 10, 11 என்று இன்னொன்று. 5, 6, 20 என்று மூன்றாவது. மூன்றின் தலையில் நிற்பவை 2, 1, 5. அவற்றில் சிறியது 1. அதை எடுத்து எழுதியதும் அந்த இடத்துக்கு 10 வருகிறது. இப்போது 2, 10, 5, எனவே 2. அந்த இடத்துக்கு 9 வர, அடுத்தது 5, பிறகு 6. இப்படியே 9, 10, 11, 15, 20 என்று முடிகிறது. எந்த நேரத்திலும் மூன்று எண்களுக்கு மேல் பார்க்கவில்லை. பின்னால் நிற்பவை தலையைவிடச் சிறியவையாக இருக்க முடியாது என்ற உறுதி, பார்க்க வேண்டிய அவசியத்தையே நீக்கிவிட்டது.

இந்த எளிய யோசனை கணினிக்கும் மூத்தது. 1930களின் இறுதியிலேயே ஐபிஎம் நிறுவனம், வரிசையாக அடுக்கிய இரண்டு துளை அட்டைக் கட்டுகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் இயந்திரத்தைச் செய்துவிட்டது. 1945-இல் ஜான் வான் நியூமன், அப்போது திட்ட நிலையில் இருந்த எட்வாக் கணினிக்காக இணைத்து வரிசைப்படுத்தும் நிரலை எழுதினார். இன்று கல்லூரி மாணவர்கள் 'மெர்ஜ் சார்ட்' என்று படிப்பது அதன் வழிவந்ததே. காந்த நாடாக் காலத்தில் இது வெறும் பாடமல்ல, பிழைப்பு. நாடாவில் நடுவிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால் அதுவரை சுற்றியாக வேண்டும். முன்னால் இருப்பதைப் படிப்பதுதான் மலிவு. தலையை மட்டும் பார்க்கும் முறை அதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது.

பட்டியல்கள் மூன்று என்றால் கண்ணால் பார்த்தே முடித்துவிடலாம். பதினாறு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 1000 பதிவுகள் என்று வைத்துக்கொண்டால்தான் முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் தெரியும். முதல் இரண்டை இணைத்து, வந்த விடையோடு மூன்றாவதை, பிறகு நான்காவதை என்று போனால், முதலில் இணைத்த பதிவுகளைத் திரும்பத் திரும்ப எழுத நேரும். மொத்தம் 1,35,000 முறை எழுத வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டாக்கி, எட்டை நான்காக்கி, நான்கை இரண்டாக்கி, கடைசியில் ஒன்றாக்கினால் நான்கு சுற்று, 64,000 முறை எழுதுதல். பதினாறையும் ஒரே மூச்சில் இணைத்தால் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஒரு முறைதான் எழுதுகிறோம், அதாவது 16,000.

ஒரே மூச்சில் என்றால் ஒவ்வொரு முறையும் பதினாறு தலைகளில் சிறியதைக் கண்டுபிடிக்க 15 ஒப்பீடுகள் செய்ய வேண்டாமா? வேண்டாம். கபடிப் போட்டியின் நாக்-அவுட் அட்டவணை போலப் பதினாறு பேரையும் மோதவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றவர் யார் என்று குறித்துவைத்தால் போதும். வென்றவர் வெளியேறி, அவர் பட்டியலிலிருந்து புதியவர் வந்தால், அவர் போகும் பாதையில் உள்ள நான்கு ஆட்டங்களை மட்டும் மறுபடி ஆடினால் அடுத்த வெற்றியாளர் தெரிந்துவிடுவார். நிரலாளர்கள் இதைத் 'தோற்றவர் மரம்' என்பார்கள். பதிவுக்கு நான்கே ஒப்பீடுகள். மொத்தம் சுமார் 64,000. பதினாறு தலைகளையும் ஒவ்வொரு முறையும் துழாவினால் ஆகக்கூடிய 2,40,000-த்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதே வேலைக்கு 1964-இல் வில்லியம்ஸ் அறிமுகப்படுத்திய 'ஹீப்' அமைப்பும் பரவலாகப் பயன்படுகிறது. பைத்தான் மொழியின் நூலகத்திலும் பல வரிசைகளை இணைக்கும் செயற்கூறு அந்த ஹீப்பின் மேல்தான் நிற்கிறது.

இப்படி இணைக்க வேண்டிய வரிசைகளைத் தூத்துக்குடியிலேயே பார்க்கலாம். முத்துக்குப் பிறகு அந்த ஊருக்கு வாழ்வளிப்பது துறைமுகம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே வரும் பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றும் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியைச் சுமந்து வருகின்றன. ஓடும் கப்பல் தன் வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை வானொலி அலையில் அறிவிக்கும். நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. கரையோரக் கலங்கரை விளக்கங்களில் உள்ள நிலையங்கள் இவற்றைப் பிடிக்கின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் செய்திகள் வந்த நேர வரிசையில் சேர்கின்றன. கடலின் ஒரே படம் வேண்டுமானால் இத்தனை வரிசைகளையும் ஒரே வரிசையாக இணைத்தாக வேண்டும்.

இணைப்பு இங்கே இன்னொரு நன்மையையும் தருகிறது. ஒரே கப்பலின் ஒரே அறிவிப்பை அக்கம்பக்கத்து நிலையங்கள் இரண்டும் பிடித்துவிடுவது சாதாரணம். நேர வரிசையில் இணைத்த பிறகு அந்த இரண்டு பிரதிகளும் ஒன்றுக்கொன்று மிக அருகே வந்து நிற்கும். ஒன்றை நீக்குவது சுலபம்.

சிக்கலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஏஐஎஸ் இருப்பிடச் செய்தியில் முழு நேரம் கிடையாது. எந்த மணி, எந்த நிமிடம் என்பது இல்லை. நிமிடத்துக்குள் எத்தனையாவது நொடி என்பது மட்டும்தான் உண்டு. மீதி நேரத்தை, செய்தியைப் பெறும் நிலையத்தின் கடிகாரம்தான் சேர்க்கிறது. ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கினால், அதன் வரிசை உள்ளுக்குள் ஒழுங்காகவே இருக்கும். இணைப்பு நிரலும் எந்தப் புகாரும் இல்லாமல் வேலையை முடிக்கும். ஆனால் திரையில் கப்பல் முன்னும் பின்னுமாகத் துள்ளும்.

நிலையம் ஒன்று திடீரென்று மௌனமாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதன் தலையில் என்ன வரப்போகிறது என்று தெரியாதவரை, மற்றவற்றின் சிறிய மதிப்பை வெளியிட நிரலுக்கு உரிமை இல்லை. ஒருவருக்காக எல்லோரும் காத்துக் கிடக்க நேரும். நடைமுறையில் இதற்கு ஒரு கெடு வைப்பார்கள்: இத்தனை நொடி பார்ப்போம், வராவிட்டால் விட்டுவிட்டுப் போவோம், பிறகு வந்தால் தனியாகத் திருத்துவோம் என்று. கெடுவைக் குறைத்தால் தவறவிடுதல் கூடும். கூட்டினால் படம் பழசாகும். எவ்வளவு வைப்பது என்பதைக் கணிதம் சொல்லாது, கடலைக் கவனிப்பவர்தான் சொல்ல வேண்டும்.

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான ஒரு சிக்கல் அகரவரிசையில் இருக்கிறது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் பொருத்த முயன்ற பழைய இந்தியக் குறிமுறையின் வழியில் யூனிகோடு தமிழ் அமைந்தது. அதனால் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற-வுக்கு ர-வின் பக்கத்தில் இடம். ழ வந்த பிறகுதான் வ வருகிறது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் 'மனம்' முந்தும், 'மரம்' பிந்தும். 'பழம்' முந்தும், 'பவளம்' பிந்தும். தமிழ் அகராதியில் இரண்டுமே தலைகீழ். தமிழக அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 குறிமுறை எழுத்துகளை இயல்பான வரிசையில் வைத்தது; ஆனால் உலகம் யூனிகோடில்தான் எழுதுகிறது. தமிழுக்கான முறையான அகரவரிசை விதிகள் யூனிகோடு அமைப்பிலேயே கிடைக்கின்றன. எல்லா நிரல்களும் அவற்றைக் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் வருத்தம்.

இரண்டு நூலகங்களின் சொற்பட்டியலை இணைப்பதாகக் கொள்வோம். முதலாவது தமிழ் முறையில் 'பவளம், பாசி' என்று இருக்கிறது. இரண்டாவது குறியெண் முறையில் 'பழம், பவளம்' என்று இருக்கிறது. தமிழ் முறையில் ஒப்பிட்டு இணைத்தால் வரும் விடை: பவளம், பழம், பவளம், பாசி. வரிசையும் கெட்டது, பிரதிகள் இரண்டும் பக்கத்தில் வந்து நிற்கும் வாய்ப்பும் போயிற்று. பெயர்ப் பட்டியல்களில் ஒரே ஆள் இருமுறை இடம்பெறுவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு. இரண்டு பட்டியலைத் தயாரித்தவர்களும் தங்கள் அளவில் சரியாகவே அடுக்கினார்கள். தவறியது பொதுவான அளவுகோல். சல்லடைத் துளைகள் வேறு வேறாக இருந்தால் முத்து வியாபாரிகளுக்கும் இதேதான் நேர்ந்திருக்கும்.

தேர்ந்த கைகளும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய 'டிம்சார்ட்', தரவுக்குள் ஏற்கெனவே வரிசையாக உள்ள துண்டுகளைத் தேடிப் பிடித்து அவற்றை இணைக்கிறது. உலகின் தரவு பெரும்பாலும் பாதி அடுக்கப்பட்டே வருகிறது என்ற கூர்மையான கவனிப்பு அதன் அடிப்படை. ஜாவாவும் ஆண்ட்ராய்டும் அதை ஏற்றன. துண்டுகளின் நீளங்களுக்கு இடையே ஓர் ஒழுங்கு எப்போதும் காக்கப்படுகிறது என்று அந்த நிரல் நம்பியிருந்தது. 2015-இல் நிரல்களைக் கணித முறையில் மெய்ப்பிக்கும் ஆய்வாளர்கள், சில தரவுகளில் அந்த ஒழுங்கு குலைகிறது என்று காட்டினார்கள். கோடிக்கணக்கான கருவிகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த நிரல் அது. திருத்தம் சில வரிகளிலேயே முடிந்தது.

உள்ளே வரும் பட்டியல்கள் உண்மையிலேயே வரிசையில்தான் இருக்கின்றனவா என்று இணைக்கும்போதே சோதிப்பது ஒன்றும் பெரிய காரியமல்ல. தலைக்கு வரும் ஒவ்வொரு பதிவையும் அதே பட்டியலில் சற்று முன் வெளியேறியதோடு, இணைக்கப் பயன்படும் அதே விதியால் ஒருமுறை ஒப்பிட்டு, சிறியதாக இருந்தால் நிறுத்திக் குரல் கொடுக்க வேண்டும். குறியெண் முறையில் வந்த பட்டியல் அங்கேயே பிடிபடும். கடிகாரம் பின்தங்கிய நிலையத்தை இது பிடிக்காது. அதற்குக் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். பதினாறு பட்டியல்கள் கொண்ட அதே கணக்கில் இந்தச் சோதனைக்கு ஆகும் கூடுதல் ஒப்பீடுகள் 15,984. இணைப்புக்கு ஆகும் 64,000-த்தில் அது ஏறத்தாழக் கால் பங்கு.