கழற்றி மாட்டக்கூடிய தலைக்குழாய்கள்

மோட்டார் வண்டியின் பின்புறத்தில் புகை வெளிவரும் குழாயை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் தொடக்கம் எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் வெளிவாயிலிலும் ஒரு குழாயைப் பொருத்தி, சிறிது தொலைவு தனித்தனியே கொண்டு சென்று, பின்னர் எல்லாவற்றையும் ஒரு கூடுகுழாயில் சேர்க்கும் அமைப்பைப் பட்டறையினர் 'ஹெடர்' என்பர். தமிழில் தலைக்குழாய் என்போம். மாணவன் கேட்டவுடன் பொருள் விளங்கும் சொல்லே நல்ல கலைச்சொல் என்பது அடியேன் கருத்து.

குழாய்கள் தனித்தனியே செல்வது எதற்காக? வெளிவாயில் திறந்ததும் வாயு ஓர் அடிபோல் பாய்ந்து வெளியேறுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கே. ஒரு சிலிண்டரின் வாயில் இன்னும் மூடாதிருக்கும்போது அடுத்த சிலிண்டரின் வாயு அதே குழாயில் பாய்ந்தால், ஒன்றன் மூச்சு மற்றொன்றன் மூக்கில் ஏறும். ஆகவே, பாய்ச்சல்கள் சமமான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருமாறு குழாய்களை இணைக்க வேண்டும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, போர்ட் நிறுவனம் 1960களில் உருவாக்கிய ஜிடி40 என்ற பந்தய வண்டி. பிரான்ஸ் நாட்டின் லெமான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகளும் போர்ட் வண்டிகளே வென்றன. ஜிடி40 வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு. வலப்பக்கத்தவை 1 முதல் 4 வரை. இடப்பக்கத்தவை 5 முதல் 8 வரை. அதன் 4.7 லிட்டர் எஞ்சினில் அவை வெடிக்கும் வரிசை 1, 5, 4, 2, 6, 3, 7, 8 என்பதாகும். கிராங்க் தண்டு 90 பாகை திரும்பும்தோறும் ஒன்று வெடிக்கும்.

ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். வலப்பக்கத்து நான்கையும் ஒரே கூடுகுழாயில் சேர்த்தால் இடைவெளிகள் 180, 90, 180, 270 பாகை என்று அமையும். நொண்டி நடைதான்! வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தாலோ 1, 4, 6, 7 ஒரு குழுவாகவும், 5, 2, 3, 8 மற்றொரு குழுவாகவும் அமைகின்றன. இரண்டிலும் இடைவெளி எப்போதும் 180 பாகையே. ஆனால், ஒவ்வொரு குழுவிலும் இரண்டு வலப்பக்கத்தவை, இரண்டு இடப்பக்கத்தவை. எனவே, எட்டுக் குழாய்களில் நான்கு எஞ்சினின் மறுபக்கத்திற்குக் கடந்து செல்ல வேண்டும். கியர் பெட்டிக்கு மேலே அவை பின்னிக் கிடக்கும் காட்சியைப் 'பாம்புக் கட்டு' என்றே ஆங்கிலத்தில் அழைத்தார்கள்.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. இவ்வளவையும் பற்றவைத்து ஒரே பொருளாக்கிவிட்டால் கழற்றுவது எப்படி? வலப்பக்கத்து ஸ்டட் ஆணிகள் வலப்புறம் நீட்டி நிற்கின்றன. இடப்பக்கத்தவை இடப்புறம் நீட்டி நிற்கின்றன. வலப் பிளாஞ்சை வலப்புறம் இழுத்தால்தான் அது ஆணியைவிட்டு விலகும். அப்போது இடப் பிளாஞ்சு எஞ்சினை நோக்கியல்லவா நெருக்கப்படும்? ஒரே திடப்பொருள் ஒரே நேரத்தில் இரு திசையிலும் செல்லாது. ஆகவே, குழாய்கள் கூடுகுழாயோடு சேரும் இடத்தில் செருகு இணைப்பு வைக்கிறார்கள். ஒரு குழாயின் வாய் மற்றொன்றின் வாய்க்குள் நெருக்கமாகச் செருகி நிற்கும். வெளியே சுருள்வில் இழுத்துப் பிடிக்கும். வில்லைக் கழற்றினால் கூடுகுழாய் பின்னோக்கி உருவி வந்துவிடும். அதன்பின் தலைக்குழாய்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

இந்தச் செருகு இணைப்பு மற்றொரு நன்மையும் செய்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள துருவேறா எஃகுக் குழாய் 600 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். எஞ்சினின் தலையோ நீரால் குளிர்விக்கப்படுவதால் அவ்வளவு நீளுவதில்லை. இந்த வேறுபாட்டிற்கு இடம் கொடாவிட்டால் பற்றவைத்த இடம் வெடிக்கும், அல்லது கேஸ்கட் வழியே வாயு கசியும். கசியும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் அற்ற அந்த நஞ்சு வண்டிக்குள் புகுந்தால் உயிருக்கே கேடு.

நம் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் பட்டறைத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுள் என் பழைய மாணவர் ஒருவரிடம், வேறொரு பட்டறையில் தலைக்குழாய் செய்துகொண்ட வண்டி ஒன்று வந்தது. பழுது ஸ்டார்ட்டர் மோட்டாரில். அதன் ஆணிக்குச் செல்லும் வழியைக் குழாய் மறைத்து நின்றது. குழாயின் கீழ் நட்டுக்கோ ஸ்பானர் நுழையவில்லை. எஞ்சினை இறக்கவேண்டியதாயிற்று. அரை நாள் வேலைக்கு மூன்று நாள் கூலி! பார்வைக்கு அந்தக் குழாய்கள் மிக அழகாகவே இருந்தனவாம்.

நல்ல தொழிலாளி முதற்குழாயை வளைக்கும் முன்பே ஒவ்வொரு நட்டிற்கும் ஸ்பானர் நுழைந்து திரும்ப இடம் உண்டா என்று பார்க்கிறார். தீப்பொறிச் செருகி, எண்ணெய் வடிகட்டி, ஸ்டியரிங் தண்டு ஆகியவற்றின் இடத்தையும் குறித்துக்கொள்கிறார். குழாய்த் துண்டுகளை எஞ்சினிலேயே வைத்துப் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, முழுவதையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கிறார். இந்தக் கட்டத்தில் ஒரு குழாய் தடுத்தால் அறுத்துத் திருத்துவது எளிது. பின்னரே, பிளாஞ்சைத் தடித்த இரும்புப் பலகையில் முடுக்கி முழுப் பற்றவைப்புச் செய்கிறார். இல்லையேல் சூட்டில் பிளாஞ்சு வளைந்துபோகும். முடிந்ததும் அதன் முகத்தைச் சமதளமாகத் தேய்க்கிறார். மாட்டும்போது ஆணிகளின் மரைகளில் வெப்பம் தாங்கும் பசையைப் பூசுகிறார். அது இல்லாவிட்டால் மரை இறுகி, கழற்றும் நாளில் ஆணி தலைக்குள்ளேயே முறிந்து நிற்கும். பின்னிச் செல்லும் குழாய்களாயின், ஒவ்வொன்றிலும் சிலிண்டரின் எண்ணைக் குத்தூசியால் பொறித்து, கழற்றும் வரிசையை ஒரு தாளில் எழுதி வண்டியின் உடைமையாளரிடம் கொடுத்துவிடுகிறார்.