பூட்டு தொங்கியது, சாமியைக் காணோம்!

ஆள் நடமாட்டமில்லாத பழங்கோவிலுக்கு இருட்டிய பிறகு யார் போவார்? சிலைத் திருடன் போவான்!

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர். அங்குள்ள சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோவிலில் பூசை நின்று, கதவு பூட்டியே கிடந்தது. 2006-ல் ராத்திரியோடு ராத்திரியாகப் பலே ஆசாமிகள் உள்ளே புகுந்தார்கள். நடராஜர் உள்பட 8 சாமி சிலைகள் மாயம்! உடைத்த பூட்டைப் பசை போட்டு ஒட்டி, பழையபடி மாட்டிவிட்டுப் போனார்கள். என்ன துணிச்சல்!

பகலில் பார்த்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், சும்மா இருந்துவிட்டார்கள். ராத்திரி வாட்ச்மேன் ஒருத்தர் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. சிலைகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக 2008-ல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் குட்டு உடைந்தது. நடராஜரோ கடல் கடந்துவிட்டார். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை வாங்கியது.

காட்டிக் கொடுத்தது பழைய போட்டோ. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-ல் எடுத்தது. அதில் இருந்தவரும் கான்பெராவில் நின்றவரும் ஒருவரே! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022-ல் கும்பகோணம் கோர்ட் 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

திரும்பி வந்த நடராஜர் ஸ்ரீபுரந்தானுக்குப் போகவில்லை. கும்பகோணத்தில் சிலைகள் காப்பகத்தில் வைத்துப் பூட்டினார்கள்.