மலையேறும் முறுக்குப் பொட்டலம்

தாப்பாவில் ஏற்றிய முறுக்குப் பொட்டலம், ரிங்லெட்டைத் தாண்டி லெம்பா பெர்த்தாம் வந்து சேரும்போது உப்பியிருக்கும். கிளம்பும்போது தொளதொளவென்றிருந்த உறையில் ஒரு சுருக்கம்கூட மிஞ்சாது. விரலால் அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன காட்சி. நான்காம் படிவத்தில் வாயு விதிகளைப் படிக்கும்போது அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய கணக்கும் இதுதான்.

தாப்பா ஏறக்குறைய கடல்மட்டத்து ஊர். அங்கே காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,000 மீட்டர் உயரத்தை ஒட்டியுள்ள லெம்பா பெர்த்தாமில் அது 90 வாக்கில் இருக்கும். கீழே வெயில் 32 டிகிரி, மேலே 24 என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்துக்குள் 1,000 மில்லிலிட்டர் காற்று இருந்தால், மேலே எவ்வளவு இடம் பிடிக்கும்?

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் வெப்பநிலை. 1,000-ஐ அழுத்த விகிதமான 101/90-ஆல் பெருக்கி, பிறகு 24-ஐ 32-ஆல் வகுத்து அதனாலும் பெருக்கினால் விடை 842 மில்லிலிட்டர். அதாவது, பொட்டலம் சுருங்க வேண்டும்! கண்ணெதிரே அது உப்பி நிற்கிறது. செல்சியஸில் சுழி என்பது தண்ணீர் உறையும் புள்ளி மட்டுமே. அந்தக் குளிரிலும் காற்றின் மூலக்கூறுகள் விரைந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் விகிதம் எடுக்குமுன் 273-ஐக் கூட்டிக் கெல்வினுக்கு மாற்ற வேண்டும். 305-க்கு 297 என்று போட்டால் குளிரால் குறைவது 3 விழுக்காட்டுக்கும் கீழே. அழுத்தம் குறைந்ததால் கூடுவதோ 12 விழுக்காடு. சரியான விடை 1,093 மில்லிலிட்டர். உறை விறைத்துவிட்டால் அதற்குமேல் விரிய இடமில்லை. உள்ளழுத்தம்தான் வெளியைவிடக் கூடுதலாக நிற்கும்.

லாரி டயர் இன்னும் சுவையான கணக்கு. அதன் கொள்ளளவு அதிகம் மாறாது. தாப்பாவில் மானி 220 கிலோபாஸ்கல் காட்டினால், உள்ளே இருப்பது 321. மானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. மலையில் லாரியை நிறுத்தி டயர் 24 டிகிரிக்கு ஆறியபின் உள்ளழுத்தம் சுமார் 313-க்கு இறங்கும். வெளியே 90 என்பதால் மானி 223 காட்டும். குளிர் குறைத்ததை உயரம் ஈடுகட்டிவிட்டது. 220-ஐ அப்படியே கணக்கில் போட்டவருக்கு 214 வரும், மானியோடு ஒத்துப்போகாது.

சமையலறைக் கேஸ் தோம்பும் மூடிய கலன்தான். ஆனால் இந்த விகிதக் கணக்கு அங்கே செல்லாது. உள்ளே புரோபேனும் பியூட்டேனும் பெரும்பாலும் திரவமாக இருக்கின்றன. வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி இடத்தை நிரப்புவதால், திரவம் தீரும்வரை அழுத்தத்தைப் பெரிதும் முடிவுசெய்வது வெப்பநிலையே. அழுத்தத்தை வைத்து மீதியைச் சொல்ல முடியாது. தோம்பைத் தராசில் வைத்து, அதில் பொறித்திருக்கும் வெற்றெடையைக் கழிக்க வேண்டும்.