304 தீப்பெட்டிகள்

பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆண்டுகளைத்தான் கேட்பார்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது எப்போது? 1799. நினைவுக் கோட்டை எழுந்தது? 1974. நான் ஆசிரியராக இருந்தால் வேறொன்று கேட்பேன். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, கும்பினிக்காரன் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பிவிட்டார். மார்ச் 31-ல் மோதிப் பார்த்த கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. கோட்டையைப் பிடிக்க மே 24 ஆகிவிட்டது. கேள்வி இதுதான்: ஆள் இருக்கிறது, மண் இருக்கிறது, நாள் மட்டும் இல்லை. வேலையை எப்படிப் பிரிப்பாய்? எதெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கலாம், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

இதை யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பாடம் பாதி முடிந்த மாதிரி. ஆனால் நம் கல்லூரி லேபுகளில் நடப்பது வேறு. கணக்கை முழுசாகப் படிக்கும் முன்பே கை கீபோர்டுக்குப் போய்விடுகிறது. சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் ஒரு வரியை மாற்றி ஓட்டுவது, அதுவும் ஓடவில்லை என்றால் பக்கத்து சீட்டை எட்டிப் பார்ப்பது.

பாடநூலைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விவசாயி ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் படகில் ஏற்றி ஆடு, புல்கட்டு, ஓநாய் மூன்றையும் ஆற்றைக் கடத்தும் பழைய புதிர் இருக்கிறது. (தண்ணீர் ஓடும் ஆற்றைக் காண்பதே அபூர்வமான கரிசக்காட்டுப் பிள்ளைக்கு முதல் சிக்கலே அந்த ஆறுதான்!) விடை ஏழு பயணம். அதை மனப்பாடம் செய்து என்ன பயன்? நாலு பேரில் ஒவ்வொருவரும் இக்கரையிலோ அக்கரையிலோ இருக்கலாம். ஆக மொத்தம் 16 நிலைகள். ஆளில்லாத கரையில் ஆடு புல்லைத் தின்னும் நிலைகளையும், ஓநாய் ஆட்டைத் தின்னும் நிலைகளையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது 10. பத்தையும் தாளில் எழுதிக் கோடு போட்டு இணைத்துப் பார்த்தால் வழி தானாகத் தெரிகிறது. புத்திசாலித்தனம் அதிகம் தேவைப்படவில்லை, எதையும் விடாமல் எழுதும் பொறுமைதான் தேவைப்பட்டது.

இந்தப் பொறுமைக்கு உலகம் கண்ட அழகான உதாரணம் தீப்பெட்டியில் செய்யப்பட்டது. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் மருந்து முக்குவதும் வீட்டுப் பேச்சாக இருக்கும் கோவில்பட்டி வட்டாரத்தில் இந்தக் கதை பரவாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான்.

டொனால்ட் மிச்சி இரண்டாம் உலகப்போரில் ஆலன் டூரிங்கோடு பிளெட்ச்லி பார்க்கில் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். 1961-ல் எடின்பரோவில், தானாகக் கற்றுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தார். கம்ப்யூட்டர் கைக்கு எட்டவில்லை. காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்தார். பெருக்கல் குறியும் வட்டமும் போட்டு விளையாடும் ஒன்பது கட்ட ஆட்டத்தில் இயந்திரம் முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. உள்ளே ஒன்பது நிறங்களில் மணிகள், கட்டத்துக்கு ஒரு நிறம். பெட்டியைக் குலுக்கினால் எந்த மணி முன்னே வந்து விழுகிறதோ, அந்தக் கட்டத்தில் ஆட வேண்டும்.

எத்தனை பெட்டி தேவை? இங்கேதான் மிச்சியின் மூளை வேலை செய்தது. முதல் குறியைப் போட ஒன்பது கட்டங்கள் இருப்பதாகத் தோன்றும். பலகையைச் சுழற்றிப் பாருங்கள்: நாலு மூலையும் ஒன்றே, நாலு பக்க நடுவும் ஒன்றே, அப்புறம் மையம். ஆக மூன்றே வகை. இப்படித் திருப்பியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றியும் ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார். 304 பெட்டியில் அடங்கிவிட்டது. ‘மெனஸ்’ என்று பெயர் வைத்தார்.

ஆட்டம் முடியும் வரை திறந்த பெட்டிகளை மூடக் கூடாது. எந்தெந்த இடத்தில் என்ன முடிவெடுத்தோம் என்பது மேசைமேல் அப்படியே விரிந்து கிடக்கும். ஜெயித்தால் திறந்திருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஆடிய நிறத்தில் கூடுதலாக மூன்று மணி. டிரா என்றால் ஒன்று. தோற்றால் ஆடிய மணியை எடுத்துவிட வேண்டும். தவறான வழிகளில் மணி குறைந்துகொண்டே வரும். மிச்சியோடு 220 ஆட்டங்கள் ஆடிய அந்தப் பெட்டிக் குவியல் தோற்காமல் ஆடப் பழகிவிட்டது. புரோகிராம் தப்பாக ஓடும்போது மாணவர் செய்ய வேண்டியதும் இதுவேதான். பெட்டிகளைத் திறந்தே வைத்து, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் எந்த மாறியில் என்ன மதிப்பு என்று தாளில் எழுதிப் பார்ப்பது. அவசரத்தில் எல்லாப் பெட்டியையும் மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறவர் அதே இடத்தில்தான் மறுபடியும் தோற்பார்.

முந்நூறு பெட்டிக்கு வகுப்பறையில் இடமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. 1962-ல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு சின்ன ஆட்டத்தைத் தந்தார். ஒன்பது கட்டப் பலகை, ஆளுக்கு மூன்று சிப்பாய். சதுரங்கச் சிப்பாய் போலவே நேரே நகரும், குறுக்கே வெட்டும். அதற்கு 24 பெட்டி போதும். 2021 டிசம்பரிலிருந்து தீப்பெட்டி ஒன்று இரண்டு ரூபாய். 48 ரூபாயும் ஒரு பிடி பாசிமணியும் இருந்தால், கரண்ட் இல்லாத மத்தியானத்திலும் வகுப்பு நடத்தலாம்.