மூடிவைக்கக்கூடிய ஒரு மேசை



சில காலத்திற்கு முன் ஒரு மழைக்கால மாலையில், புனேயின் வாகட் பகுதியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவே வீடு. கணவர் கட்டிலில் சம்மணமிட்டு, தலையணையின்மேல் மடிக்கணினியை வைத்து அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். மனைவி சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் தம் நிறுவனத்தின் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் குழம்புச் சட்டி இருந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளோ, வாஷிங் மெஷினின் மூடியின்மேல் நோட்டை வைத்து நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்டர் அங்கிள், துணி துவைக்கும்போது எழுத்தெல்லாம் ஆடுகிறது" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெற்றோர் இருவரும் சிரிக்கவில்லை. அன்று இரவு ஒன்பதரை மணிவரை சாப்பாட்டுத் தட்டு வைக்க அந்த மேசையில் இடம் கிடைக்கவில்லை.

இது ஒரு வீட்டின் நிலை மட்டுமன்று. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, ஹிஞ்சவடியின் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும் மகர்பட்டாவிலும் கராடியிலும் இருந்த அலுவலகங்கள் ஒரே வாரத்தில் நம்முடைய கூடங்களுக்குள் குடிவந்தன. ஊரடங்கு போயிற்று, ஆனால் வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் பலருக்கு நிலைத்துவிட்டது. இரண்டு பேர் வேலை செய்து, ஒரு பிள்ளை படிக்கும் வீட்டில், மேசை எங்கே, அலமாரி எங்கே என்பது அலங்காரத்தைப் பற்றிய கேள்வி அன்று. அது குடும்பத்தின் சமாதானத்தைப் பற்றிய கேள்வி.

பழைய வீடுகள் கற்பிப்பது

சுவரோடு சேர்த்துச் சாமான் வைக்கும் முறையை நாம் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக் கற்கவேண்டியதில்லை. நம் ஊர் வீடுகளில் விளக்குக்கு மாடம் இருந்தது. பாத்திரத்துக்குப் பரண் இருந்தது. கணக்கேடுகளுக்குச் சுவர் அலமாரி இருந்தது. புனேயின் பழைய வாடாக்களிலும் அப்படியே. சுவரில் குடைந்த சிறு மாடத்தைக் 'கோனாடா' என்றும், கதவு போட்ட சுவர் அலமாரியைப் 'பட்தாள்' என்றும் மராத்தியர் அழைத்தார்கள். தடித்த சுவரின் கனமே சேமிப்பிடமாயிற்று. தரையில் ஓர் அடியும் வீணாகவில்லை.

வீடும் அலுவலகமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதும் இந்நகரத்துக்குப் புதிதன்று. நாராயண் பேட்டையிலுள்ள கேசரி வாடாவை நீங்கள் பார்த்திருக்கலாம். பரோடாவின் கெய்க்வாட் குடும்பத்தாருக்குரியதாயிருந்த அந்த வாடாவைத் திலகர் 1905இல் வாங்கினார். 1881இல் தொடங்கிய கேசரி பத்திரிகையின் வேலையும் அவருடைய வீட்டு வாழ்க்கையும் அங்கே ஒரே வளாகத்தில் நடந்தன. அவருடைய எழுதும் மேசை இன்றும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் குடியேறிய நம் முன்னோரில் பலருக்கோ, ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு ட்ரங்குப் பெட்டியே மேசை, அதுவே அலமாரி. இருவருக்கும் எழுத ஓர் இடம் இருந்தது. அது இன்ன இடம் என்று வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

மரத்துக்கு முன் மனிதரை அளவெடுங்கள்

சூனேம் ஊராள் எலிசாவுக்கென்று ஆயத்தப்படுத்திய சிறிய மேலறையை நினைத்துப் பாருங்கள். படுக்க ஒன்று, எழுத ஒன்று, உட்கார ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தே அவள் ஒழுங்குசெய்தாள். நாமோ முதலில் மைக்காவின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். முதுகு வலித்த பிறகே உயரத்தை யோசிக்கிறோம்.

ஆகையால் அளவுநாடாவை முதலில் உங்கள்மேல் வையுங்கள். பாதம் தரையில் படிய நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரையிலான உயரமே உங்கள் மேசையின் உயரம். பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலத்தில் மேசை செய்யப்படுகிறது; ஐந்து அடி உயரமுள்ள சகோதரிக்கு அந்த அளவு 26 அங்குலத்தை ஒட்டியே வரலாம். இருவர் ஒரே மேசையைப் பயன்படுத்துவதாயின் உயரமானவருக்கு ஏற்ப மேசையைச் செய்து, மற்றவருக்கு உயர்த்தக்கூடிய நாற்காலியும் காலுக்கு ஒரு பலகையும் கொடுங்கள்.

மேசையின் ஆழம் 24 அங்குலம் இருந்தால் தனித்திரை வைக்க இடமுண்டு. ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடியாகவே வருகிறபடியால், இரண்டடி ஆழம் என்பது பலகையையும் வீணாக்காது. மடிக்கணினி மட்டும் என்றால் 20 அங்குலம் போதும். அகலத்தில் ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று அடி ஒதுக்குங்கள். கோப்புகளுக்கான தட்டு 12 அங்குல ஆழமும் 15 அங்குல உயரமும் இருக்கட்டும். புத்தகத் தட்டு 18 மில்லிமீட்டர் பலகையில் செய்யப்பட்டாலும், நடுவில் தாங்கல் இல்லாமல் மூன்றடிக்கு மேல் நீண்டால் பாரத்தால் தொய்ந்துவிடும்.

தச்சரை அழைக்குமுன் இன்னொன்று செய்யுங்கள். செய்தித்தாள்களை ஒட்டி, மேசையின் அளவைத் தரையில் விரித்துவையுங்கள். நாற்காலியை அதன்முன் போட்டு, ஒரு வாரம் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு இடிக்கிறதா, பிள்ளை தண்ணீர் குடிக்கச் செல்லும் வழி அடைபடுகிறதா என்பதெல்லாம் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எந்தச் சுவர்?

ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கவேண்டும். முதுகுக்குப் பின் இருந்தால் திரையில் ஒளி அடிக்கும். முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். வலக்கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவது நல்லது. எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. மின்முனைகள் மேசைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். கம்பிகள் இறங்க மேசைப்பலகையில் இரண்டு அங்குலத் துளை ஒன்று போதும்.

சுவரைக் குடைந்து மாடம் செய்ய ஆசைப்படாதீர்கள். பழைய வாடாவின் சுவர் வேறு, இன்றைய அடுக்குமாடியின் சுவர் வேறு. கான்கிரீட் தூணையும் உத்திரத்தையும் ஒருபோதும் உடைக்கக்கூடாது. புதிய கட்டடங்களில் சில சுவர்கள் இலேசான கற்களால் ஆனவை. அவற்றில் பாரமான அலமாரியை மாட்ட அதற்கென்றே உள்ள நீண்ட ஆணிகள் தேவை. வேலை தொடங்குமுன் சொசைட்டியின் அனுமதியைப் பெறுங்கள்.

நான் செய்த தவறு

இதைச் சொல்ல எனக்கு வெட்கமே. இந்நகரத்துக்கு வந்த சில ஆண்டுகளில், எங்கள் வீட்டின் ஒரு மூலையில் தரையிலிருந்து கூரைவரை அலமாரியும் அதனோடு மேசையும் செய்வித்தேன். அந்தச் சுவரின் மறுபுறம் குளியலறை. தச்சர் இரண்டு முறை எச்சரித்தார்; வேறு இடமில்லை என்று நான் கேட்கவில்லை. செலவைக் குறைக்க மலிவான பலகையை வாங்கி, சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது மழைக்காலத்தில் கீழ்த்தட்டைத் திறந்தபோது, வேதாகமக் கல்லூரியில் என் கையால் எழுதிய குறிப்பேடுகள் பூஞ்சை பிடித்து, கரையான் தின்று, ஒரே கட்டியாய் ஒட்டிக்கிடந்தன. பலகைக்கு மிச்சம்பிடித்த பணம் எவ்வளவு என்பது இன்று நினைவில் இல்லை. இழந்த ஏடுகள் ஒவ்வொன்றும் நினைவிலிருக்கின்றன.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவர் ஈரத்தைக் குடிக்கும். ஏப்ரலில் வெயில் அதே மரத்தைச் சுருக்கும். ஆகையால் குளியலறைச் சுவரையும், மழை நேரே அடிக்கும் வெளிச்சுவரையும் தவிர்த்துவிடுங்கள். புது வீடாயின் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எண்ணையும் பாருங்கள்: ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்குரியது, ஐ.எஸ். 710 ஈரத்தை நன்கு தாங்குவது. அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் காற்றுக்கு விடுங்கள். அடிப்பாகம் தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்திருக்கட்டும். கதவின் வெளிப்புறம் மட்டும் மைக்கா ஒட்டினால் கதவு வளையும். உட்புறமும் ஒட்டச் சொல்லுங்கள். பத்திரங்களும் சான்றிதழ்களும் கீழ்த்தட்டில் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்போர்க்கு

நம்மில் அநேகர் 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறவர்கள். சுவரில் அறைந்த மேசை வீட்டுக்காரருக்கே போய்ச்சேரும். துளைகளுக்காக முன்பணத்திலும் பிடித்தம் வரலாம். உங்களுக்கு ஏற்றது, தானாக நிற்கும் அலமாரி. மூன்றடி அகலத்தில், திருகாணிகளால் பிரித்துச் சேர்க்கும்படி அதைச் செய்வியுங்கள். அதன் நடுக்கதவு கீழ்நோக்கித் திறந்து மேசையாகட்டும். மேசையைத் திறக்கும்போது பாரம் முன்பக்கம் வருவதால், கனமான பொருட்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில், வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரே ஒரு திருகாணியாலாவது அலமாரியின் தலையைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். வீடு மாறும்போது அது உங்களோடு டெம்போவில் ஏறிவரும்.

மூடும் நேரம்

எத்தனை இழுப்பறை, என்ன மரம் என்பவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. உங்கள் மேசைக்கு ஒரு கதவு வையுங்கள். தனி அறை உள்ளவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு வரலாம். கூடத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. சாப்பிடும்போதும், குடும்பமாய் ஜெபிக்க உட்காரும்போதும், திறந்த மடிக்கணினி மூலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டடி ஆழமுள்ள அலமாரிக்குள் மேசையை அமைத்து, முன்னால் கதவு போடுங்கள். கணினியை அணைத்து அந்தக் கதவைச் சாத்தும்போது அலுவலகம் மூடப்படுகிறது. கூடம் மறுபடியும் கூடமாகிறது.

வாகட்டில் உள்ள அந்தக் குடும்பத்தார் கூடத்துச் சுவரில் ஆறடி நீளத்தில் இப்படி ஒன்றைச் செய்துகொண்டார்கள். இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவது மகளின் பொறுப்பு. படுக்கையறை ஜன்னலோரம் அவளுக்கும் 20 அங்குல ஆழத்தில் ஒரு சிறு மேசை போட்டிருக்கிறார்கள். கடந்த முறை சென்றபோது தன் நோட்டை எனக்குக் காட்டினாள். எழுத்து ஆடவில்லை.