கோடில்லாப் பலகையில் ஒரு மில்லிமீட்டர்

வயலினின் விரல் பலகையை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். கன்னங்கரேலென்று, வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருக்கும். வீணையில் 24 மெட்டுகள் உண்டு. விரல் கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் மெட்டு ஸ்வரத்தைக் காப்பாற்றிவிடும். ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் போதும். வயலினில் அந்தத் தயவெல்லாம் கிடையாது. இங்கே ரிஷபம், அங்கே காந்தாரம் என்று காட்டிக்கொடுக்க ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வெற்றுப் பலகையில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, விரலைச் சரியான இடத்தில் வைக்கிறாள். எப்படி வைக்கிறாள்?

முதலில், அந்தச் 'சரியான இடம்' எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு அளவு வயலினில் ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். பள்ளிக்கூட அளவுகோலைவிட இரண்டு விரல்கடை நீளம், அவ்வளவுதான். அதில் கால் பங்கை அடைத்துவிட்டு மீதி முக்கால் பங்கை ஒலிக்கவிட்டால் சுத்த மத்திமம் கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கை அடைத்தால் அந்தர காந்தாரம். பதினாறில் ஒரு பங்கை அடைத்தால் சுத்த ரிஷபம். தந்தி தொடங்கும் முனையிலிருந்து அளந்தால் 2 சென்டிமீட்டரில் 'ரி', 6.6-இல் 'க', 8.25-இல் 'ம'. ரிஷபத்தில் விரல் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு, அதாவது ஸ்வரம் நிற்கும் இடங்களுக்கு, நடுவே உள்ள இடைவெளியில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். ஏ.டி.எம். கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலான விலகல். விரல் நுனியோ அதைப்போலப் பத்து மடங்கு அகலம். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டு வாத்தியாரின் புருவம் உடனே உயர்ந்துவிடுகிறது.

அவருடைய காதுக்கு அவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது? பாதி ரகசியம் பக்கத்தில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும் சுருதிப் பெட்டியில் இருக்கிறது. ஷட்ஜத்தின் அதிர்வெண், அதாவது தந்தி ஒரு நொடியில் ஆடும் எண்ணிக்கை, 300 என்று வைத்துக்கொள்வோம். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில். அப்போது பஞ்சமம் 450. இரண்டு ஒலிகளுமே தனியாக வருவதில்லை. ஒவ்வொன்றும் தன் மடங்குகளைக் கூடவே அழைத்து வருகிறது. ஷட்ஜத்தின் மூன்றாவது மடங்கு 900. பஞ்சமத்தின் இரண்டாவது மடங்கும் 900. இரண்டும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. பஞ்சமம் 451 ஆகிப்போனால் அதன் மடங்கு 902 ஆகிவிடும். உடனே ஒலி நொடிக்கு இரண்டு முறை 'வவ்... வவ்...' என்று ஏறி இறங்கத் தொடங்கும். இதற்கு இயற்பியலில் விம்மல் என்று பெயர். 450-இல் ஒன்று பிசகியதைக் காதால் அளப்பது கடினம். நொடிக்கு இரண்டு விம்மலைக் கேட்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாத பிசகைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி அந்தச் சிறிய பெட்டி. சுருதி போடாமல் சாதகம் செய்யாதே என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுதான். சுருதி இல்லாமல் வாசிக்கும் மாணவி, அளவுகோலைத் தூக்கிப்போட்டுவிட்டுத் துணி வெட்டுகிறாள்.

இடது கையின் கதை இது. வலது கையில் இருக்கும் வில் இன்னொரு உலகம்.

முதல் மாதத்தில் வயலின் ஏன் கதவுக் கீல்போலக் கிறீச்சிடுகிறது? வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. அதில் ரோசின் என்ற பிசின் தேய்க்கிறோம். ரோசினுக்கு ஒரு குணம்: அசையாமல் இருக்கும் தந்தியை இறுக்கிப் பிடிக்கும், நழுவத் தொடங்கிய தந்தியை எளிதில் விட்டுவிடும். வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. ஓர் எல்லையில் தந்தி நழுவித் திரும்புகிறது. வில் மறுபடி பிடிக்கிறது. ஷட்ஜம் ஒலிக்கும்போது இந்த ஒட்டலும் நழுவலும் நொடிக்கு 300 முறை நடக்கிறது. நம் கண்ணுக்குத் தந்தி நடுவில் பருத்த கதிர்போலத் தெரிகிறது. அது பொய்த்தோற்றம். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்: தந்தி எந்தக் கணத்திலும் இரண்டு நேர்கோடுகளாகவே இருக்கிறது. அவை சந்திக்கும் ஒரு கூர்மையான முனை தந்தியின்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 33 சென்டிமீட்டர் போய்த் திரும்ப 66. அதை நொடிக்கு 300 தடவை. மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து திருச்சிக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் வேகம், குழந்தையின் மோவாய்க்குக் கீழே ஓடுகிறது.

அந்த முனை ஒழுங்காக ஓட வேண்டுமானால் வில்லின் அழுத்தம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் தந்தி இடையிலேயே இன்னொருமுறை நழுவி ஒலி உடைகிறது, கூடினால் கரகரக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கு இந்த விஷயத்தில் தீராத மோகம். கல்கத்தாவில் இருந்தபோது, 1918-இல் வில் தந்தி பற்றி ஒரு பெரிய ஆய்வு நூலையே வெளியிட்டார். மனிதக் கை சீராக இருக்காதென்று வயலின் வாசிக்க ஓர் இயந்திரமும் செய்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் போய்வரும். வில்லை, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜை நோக்கிப் பாதி தூரம் நெருக்கினால் தேவைப்படும் குறைந்தபட்ச அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பது அவர் கணக்கு. கிறீச்சிடும் குழந்தை கெட்டிக்காரத்தனம் குறைந்தவள் இல்லை. நோபல் பரிசு வாங்கப்போகிறவர் இயந்திரம் கட்டி ஆராய்ந்த ஒரு சிக்கலை, அவள் மணிக்கட்டினால் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, முதல் பாடத்துக்கு வருவோம். சரளி வரிசை. ராகம், மாயாமாளவகௌளை. இந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவர் 16-ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பது மரபு. ஏன் இந்த ராகம்? ஸ்வரஸ்தானங்களை எண்ணிப் பாருங்கள். ஸ-வுக்கும் ரி-க்கும் ஒரு படி. ரி-க்கும் க-வுக்கும் மூன்று. க-வுக்கும் ம-வுக்கும் ஒன்று. நடுவில் ம-ப இரண்டு. பிறகு மறுபடி ஒன்று, மூன்று, ஒன்று. விகடகவி என்ற சொல்லைப் போல, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதேதான். வயலினில் இது இன்னும் அழகாக வந்து விழுகிறது. நம் வயலினில் தந்திகள் ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கப்பட்டவை. மத்திய ஷட்ஜத் தந்தியில் ரி, க, ம எங்கெங்கே இருக்கின்றனவோ, அடுத்த பஞ்சமத் தந்தியில் அதே நேரில் த, நி, மேல் ஸ. ஓர் இடத்தைக் கற்றால் இரண்டு ஸ்வரம் கைக்கு வருகிறது. அது மட்டுமில்லை. ரி-க இடைவெளி 4.5 சென்டிமீட்டருக்கும் மேல். க-ம ஒன்றரைக்குக் கொஞ்சம் அதிகம். விரல்களை அகல விரிக்கவும் ஒட்டி நெருக்கவும் முதல் நாளே பழக்கிவிடும் ராகம் இது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது மூன்று காலம் என்ற ஏற்பாடு. நொடிக்கு ஒரு தட்டு என்று ஆதி தாளம் போட்டால், முதல் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு நொடி. விரல் தப்பாக விழுந்தால் கேட்கலாம், நகர்த்தலாம், சரியாகிவிட்டதா என்று இன்னொருமுறை கேட்கவும் செய்யலாம். இரண்டாம் காலத்தில் அரை நொடி. மூன்றாம் காலத்தில் கால் நொடி. காது பிழையைப் பிடித்து, மூளை கட்டளை அனுப்பி, விரல் நகர்வதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். திருத்தம் வந்து சேர்வதற்குள் ஸ்வரம் பாதி போய்விட்டது. நாளைக்கு வர்ணத்திலும் கல்பனை ஸ்வரத்திலும் நொடிக்கு எட்டு ஸ்வரம் என்று போகும்போது திருத்த நேரமே இல்லை. அப்போது ஒரே வழிதான் உண்டு: ஒலி பிறப்பதற்கு முன்பே விரல் சரியாக விழ வேண்டும்.

1951-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி இதையே ஒரு புதிராக முன்வைத்தார். இசைக்கலைஞரின் விரல்கள் நொடிக்கு 16 அசைவுகள்வரை போகின்றன. ஓர் அசைவு முடிந்த சேதி மூளைக்குப் போய், அடுத்த கட்டளை திரும்பி வர அந்த வேகத்தில் அவகாசம் இல்லை. ஆகவே அசைவுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பவில்லை. முழு வரிசையும் முன்கூட்டியே மூளையில் தயாராக இருக்கிறது என்றார். 'ஸரிகம' என்பது நான்கு வேலையாக இருந்து, சாதகத்தில் ஒரே வேலையாகிவிடுகிறது. நம் பெயரைக் கையெழுத்திடும்போது எழுத்து எழுத்தாக யோசிக்கிறோமா? முதல் காலத்தில் காது விரலுக்குக் கற்றுக்கொடுக்கிறது; மூன்றாம் காலத்தில் விரல் அதை ஒப்பிக்கிறது. சரளி வரிசையை அவசரமாகத் தாண்டி 'எப்போது கீதம் ஆரம்பிப்பீர்கள்' என்று கேட்கும் பெற்றோரைப் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாள் முதல் காலத்திலேயே விடுங்கள் என்று சொல்லத் தோன்றும். வேகமாக வாசித்தால் பிழையும் சேர்ந்தே மனப்பாடமாகும்.

சாதகம் மூளையின் உருவத்தையே தொடுகிறது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், தந்தி வாத்தியக்காரர்களின் மூளையில் இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பரந்திருந்தது. வலது கைக்கு அப்படி இல்லை. சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு மாற்றம் அதிகம். நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு, மின்கம்பிமேல் ரப்பர்போல. உறையில்லாத மெல்லிய இழையில் சேதி நாம் நடக்கும் வேகத்தில் போகும். நன்கு உறையிட்ட இழையில் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். பியானோ கலைஞர்களை ஆராய்ந்தபோது, சிறுவயதில் அதிகம் பயின்றவர்களுக்கு இத்தகைய இழைகளின் கட்டமைப்பில் வேறுபாடு தெரிந்தது.

நேற்று ராத்திரிவரை முரண்டு பிடித்த ஜண்டை வரிசைப் பாடம், காலையில் எழுந்து வாசித்தால் தானாக வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது பிரமை இல்லை. 2002-இல் ஓர் ஆய்வில், ஐந்து எண்களின் வரிசையை விரல்களால் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு தூங்கியதும், இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஏறக்குறைய 20 சதவீதம் வேகமானார்கள். பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. போர்வைக்குள்ளும் சாதகம் நடக்கிறது.

இதற்கிடையே ஒரு சோதனை வருகிறது. குழந்தை வளர்ந்து, அரை வயலினிலிருந்து முக்காலுக்கும், அங்கிருந்து முழு அளவுக்கும் மாறுகிறாள். அன்றைக்கு எல்லா இடங்களும் நகர்ந்துவிடும். பழகிய சென்டிமீட்டர் ஒன்றுகூடச் செல்லாது. ஆனாலும் அவள் முதலிலிருந்து தொடங்குவதில்லை. பின்னங்கள் மாறவில்லை அல்லவா. கால் பங்கு கால் பங்குதான். காது 'இன்னும் கொஞ்சம் மேலே' என்கிறது, விரல் மெல்லப் புதிய வரைபடத்துக்குக் குடியேறுகிறது.

இவ்வளவு பாடுபட்டு மில்லிமீட்டரைப் பிடித்தபின், ஒருநாள் தோடி ராகம் வருகிறது. தோடியின் காந்தாரம் தன் இடத்தில் நிற்பதே அபூர்வம். ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே விரல் ஊசலாட, அந்த ஆட்டத்தைத்தான் காது காந்தாரம் என்று கேட்கிறது. இந்த ஆட்டத்துக்கு, அதாவது கமகத்துக்கு, விரல் வழுக்கிப் போக வேண்டும். அதற்கு இடது கை வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட வேண்டும். இரு நூறு ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த வாத்தியம் இது. அங்கே நின்று வாசித்ததை இங்கே சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை இடது தோள்மேல் சாய்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தாயிற்று, கை சுதந்திரமாயிற்று. மெட்டில்லாத வெற்றுப் பலகை குறையாக இருந்தது போய், வரமாகிவிட்டது.

மேடையேறும் நாளில் உடம்பு வேறு பாட்டுப் பாடும். அட்ரினலின் சுரக்கும். விரல்களுக்கு ரத்தம் குறைந்து சில்லிட்டுப்போகும். எல்லோர் கையிலும் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை நடக்கும் மெல்லிய நடுக்கம் ஒன்று எப்போதுமே உண்டு. பயத்தில் அது பெரிதாகிறது. முக்கால் மீட்டர் நீள வில்லின் நுனியில் இன்னும் பெரிதாகிறது. நீண்ட, மெதுவான ஒற்றை ஸ்வரத்தில்தான் அது வெளிப்படும். வேகமான சங்கதியில் மறைந்துவிடும்.

திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சமாதி முன்னால் அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் தொடங்கும்போது நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி மடியில் வயலினோடு இருக்கிறாள். நாட்டை ராகம் எழுந்ததும், சுற்றிலும் பாடும் குரல்களில் அவள் வாத்தியத்தின் ஒலி அவளுக்கே கேட்பதில்லை. விம்மலும் இல்லை, திருத்தவும் வழியில்லை. நாட்டைக்கும் அந்தர காந்தாரம்தான். அது வரும்போதெல்லாம் அவள் விரல், கோடில்லாத கறுப்புப் பலகையில், தந்தியின் ஐந்தில் ஒரு பங்கில் போய் அமர்கிறது.