மேடை அழைக்கும்போது

பாடல், ஆடல், உரையாடல் ஆகிய மூன்றும் இணைந்து கதையை நடத்திச் செல்வது இசை நாடகம். 2016ஆம் ஆண்டு மும்பையில் அரங்கேறிய 'முகல்-ஏ-ஆசம்' அத்தகையது. 1960இல் வெளிவந்த திரைப்படத்தைத் தழுவிய அந்நாடகத்தில் அனார்கலியாக நடித்தவர், நடித்துக்கொண்டே மேடையில் நேரடியாகப் பாடினார். இத்தகைய தொழில்முறை நாடகத்தின் நடிகர் தேர்வுக்குச் செல்ல விரும்பும் மாணவர், மூன்றினைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, குரல். வளரிளம் பருவத்தில் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீள்கின்றன. ஆண்பிள்ளைகளிடம் இம்மாற்றம் மிகுதி. நேற்று எட்டிய சுருதி இன்று எட்டாமற் போகலாம். அதனை வலிந்து எட்ட முயன்றால் குரல் கெடும்.

இரண்டாவது, காலம். ஒத்திகை பல வாரங்கள் நீளும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதவோ 75 விழுக்காடு வருகை வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. வணிக நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் 14 வயது நிறையாத கலைஞர், நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் பணியாற்றலாகாது என்பது நடுவணரசின் விதி. அவரது வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு அவர் பெயரில் வைப்புத்தொகையாதல் வேண்டும். 18 வயது நிறையாதவர் தாமே செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆதலால் பெற்றோர் அதனைப் படித்துணர வேண்டும்.

தேர்வு பெறாமை திறமையின்மைக்குச் சான்றன்று. இயக்குநர் தேடுவது, பாத்திரத்திற்குப் பொருந்தும் வயது, தோற்றம், குரல் ஆகியவற்றையே. ஒத்திகையும் பொதுத்தேர்வும் மோதுமாயின், ஓராண்டு காத்திருத்தல் இழப்பன்று; மோதாவிடின், அச்சம் ஒன்றே தடையாதல் கூடாது.